ஊருக்கு ஊர் நம்பிக்கை: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

(இந்த மாதப் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கு)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்குப் பதிவேடு என்று பல பாடங்கள் பார்த்திருக்கிறோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு விஷயம் பேசுவோம். நம்ம வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கைகள் பற்றிய பாடம் இது.

"மாசமா இருக்கிறவ கிரகணத்துல வெளிய போகாதே." "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிக்காதே." "மூலத்துல பொறந்த பொண்ணு மாமனாருக்கு ஆகாது." இப்படி நாம் கேட்டு வளர்ந்தது ஒன்றா இரண்டா? இதெல்லாம் நம்ம ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஜப்பான், கொரியா, சீனா, தாய்லாந்து, கம்போடியா, நேபாளம் என்று ஆசியா முழுக்க, நம்மைப் பார்த்தே இராத பெண்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பேர் வேறு, கதை வேறு. பயம் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாமி கும்பிடுவதையோ, யாருடைய மதத்தையோ குறை சொல்வது இந்தப் பாடத்தின் நோக்கம் கிடையாது. ஒரு நம்பிக்கையால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பதுதான் நோக்கம். கணக்குப் பார்ப்பது நமக்குப் புதுசா என்ன?

1. கிரகணம்: சூரியனைத் தின்ன வந்தது யார்?

நம்ம ஊரில் ராகு, கேது என்ற பாம்பு சூரியனையும் சந்திரனையும் விழுங்குகிறது என்று கதை. தாய்லாந்திலும் ராகுதான். அங்கே ராகுவுக்குக் கறுப்பு நிறத்தில் எட்டு வகைப் பொருள் வைத்துப் படைப்பார்கள். சீன மொழியில் சூரிய கிரகணத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பழைய பொருளே 'சூரியனைத் தின்பது' என்பதுதான். வானத்து நாயோ டிராகனோ தின்கிறது என்று சொல்லி, தட்டையும் மேளத்தையும் அடித்து விரட்டுவார்கள். பிலிப்பைன்ஸில் 'பக்குனாவா' என்ற கடல் பாம்பு நிலாவை விழுங்கும். அங்கேயும் பானை சட்டியைத் தட்டுவார்கள்.

கொரியாக் கதை இன்னும் வேடிக்கை. இருட்டு நாட்டு ராஜா சூரியனைத் தூக்கி வரச் சொல்லி நெருப்பு நாய்களை அனுப்புவானாம். நாய் கவ்வும், சுடும், துப்பிவிடும். நிலாவைக் கவ்வும், பல் கூசுகிற அளவுக்குக் குளிரும், அதையும் துப்பிவிடும். கவ்வினது கிரகணம், துப்பினது விடுதலை.

கதை அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கதை மாசமாக இருக்கிற பெண்ணிடம் வரும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தாய்லாந்தில் கர்ப்பிணிகள் கிரகணத்தன்று வயிற்றுக்கு நேராகப் புடவைத் துணியில் ஊக்குக் குத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம்ம ஊரில் கத்தி, அரிவாள்மணையைத் தொடக்கூடாது, வெளியே தலைகாட்டக்கூடாது, சாப்பிடக்கூடாது, சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்து, மூளியாகப் பிறக்கும் என்பார்கள்.

இதில் உண்மை என்ன? குழந்தையின் உதடு உருவாவது கருத்தரித்து 4 முதல் 7 வாரத்துக்குள். பல பெண்களுக்கு அந்த நேரத்தில் தான் மாசமாக இருப்பதே சரியாகத் தெரியாது. அப்படியிருக்க ஆறாம் மாதத்தில் வந்த கிரகணம், ஏற்கெனவே ஒழுங்காகக் கூடிவிட்ட உதட்டை எப்படி வெட்டும்? உதட்டுப் பிளவுக்குப் பரம்பரை ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய், புகைப்பழக்கம், வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் வாய்ப்பு கூடுகிறது. பல நேரம் காரணம் இன்னதென்று டாக்டராலும் சொல்ல முடிவதில்லை.

ஆனால் ஊரில் காரணம் உடனே கிடைத்துவிடும். "அன்னிக்கு இவ கிணத்தடிக்குப் போனா, நான்தான் பார்த்தேனே!" அதோடு முடிந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் குற்றவாளியாக நிற்கிறாள். பிளந்த உதட்டை ஆபரேஷனில் சரிசெய்ய முடியும். பொதுவாக உதட்டை முதல் வருஷத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வார்கள். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொன்னால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். 'கிரகண தோஷம், விதி' என்று வீட்டுக்குள் மறைத்து வைத்தால் அந்தப் பிள்ளை பால் சப்ப முடியாமல் மெலியும், பேச்சும் குழறும்.

கிரகணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் நிஜம். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, பார்வை கெடும். இது கர்ப்பிணிக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் வளையம் மாதிரி சூரியன் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? அதே மாதிரி வளைய கிரகணம் 2031 மே 21 அன்று தமிழ்நாட்டின் தென்பகுதியில் தெரியும். அன்றைக்கு மாசமாக இருக்கப் போகிற மருமகள்களைப் பட்டினி போடாமல் இருக்க, இப்போதிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.

2. பிள்ளை பெறும்போது இறந்தவள்

பிரசவத்தில் இறந்துபோன பெண் பேயாக வருவாள் என்பது ஆசியா முழுக்க உள்ள பயம். மலேசியாவில் 'பொந்தியானாக்', இந்தோனேசியாவில் 'குந்தில் அனாக்', ஜப்பானில் 'ஊபுமே', வட இந்தியாவில் 'சுடேல்'. தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் 'மே நாக்' என்ற பெண்ணுக்குக் கோயிலே இருக்கிறது. கணவன் போருக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் இறந்தும், அவன் திரும்பி வந்ததும் சமைத்துப் போட்டுக் குடும்பம் நடத்தினாள் என்பது கதை. மலாய்க் கதைகளில் பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அடங்கிவிடுவாள். நம்ம ஊரில் பேயோட்டும்போது உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பதில்லையா, அதே மாதிரி.

இத்தனை நாட்டிலும் ஏன் இந்த ஒரே பயம்? அந்தக் காலத்தில் பிரசவத்தில் பெண்கள் அவ்வளவு பேர் இறந்தார்கள். நல்லா இருந்தவள், நாலு மணி நேரத்தில் ரத்தம் போய்ப் போய்விட்டாள். காரணம் தெரியாத சாவுக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழியில் போகிறவர்களாவது இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்ற எண்ணம். அவளைப் பேயென்று விரட்டாமல் இப்படியும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் நம்ம முன்னோர்.

இன்று அந்தச் சாவுக்குக் காரணம் தெரியும், வழியும் தெரியும். 2001-03 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தை உயிரோடு பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கெடுப்பில் அது 54. இந்தியா முழுக்கப் பார்த்தால் 301லிருந்து 97 ஆகக் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பிரசவம், இரும்புச்சத்து மாத்திரை, ரத்த வங்கி, 108 வண்டி என்று பலதும் சேர்ந்துதான் இதைச் செய்தன. ரத்தப்போக்கு அதிகம், வலிப்பு, கடும் தலைவலி, கண் மங்கல், பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், இதில் எது வந்தாலும் மந்திரிக்கப் போகிற நேரத்தில் 108ஐக் கூப்பிடுங்க. திருநீறு பூசிக்கொண்டே வண்டியில் ஏறலாம், அதில் தப்பில்லை.

3. பச்சை உடம்பு, பத்தியச் சாப்பாடு

பிள்ளை பெற்றவளைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. சீனாவில் அதற்கு 'மாதம் உட்காருதல்' என்றே பேர். ஒரு மாதம் வெளியே போகக்கூடாது, காற்றுப் படக்கூடாது, பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது. மலேசியா, இந்தோனேசியாவில் நாற்பது நாளுக்கு மேல் பத்தியம், மூலிகைக் கஷாயம், வயிற்றுக்கட்டு. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் கிராமங்களில் பிள்ளை பெற்றவளைக் கட்டிலில் படுக்க வைத்து, கீழேயோ பக்கத்திலோ கரி நெருப்புப் போட்டுச் சூடு காட்டுவார்கள்.

கொரியாவில் குழந்தை பிறந்த வீட்டு வாசலில் வைக்கோல் புரி கட்டுவார்கள். ஆண் பிள்ளையென்றால் அதில் சிவப்பு மிளகாய் செருகுவார்கள், பெண் பிள்ளையென்றால் கரித்துண்டும் பைன் மர இலையும். நம்ம வேப்பிலைக் கொத்து மாதிரி வைத்துக்கொள்ளுங்க. 21 நாள் வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. தாய்க்குக் கடல்பாசி சூப் கொடுப்பார்கள். அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் தங்கள் பிறந்தநாளில் அந்த சூப்பைக் குடிக்கிறார்கள், தன்னைப் பெற்ற தாயை நினைத்து.

இந்த வழக்கங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடு, களத்து வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் அனுப்பாதே, அவளுக்கென்று தனியாகச் சமைத்துப் போடு, சளி இருமலோடு வருகிறவர்களைப் பிள்ளையிடம் விடாதே. இவ்வளவும் நல்லது. பூண்டு, சுறாப்புட்டு, கருப்பட்டி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். இதை விட்டுவிடாதீங்க. நம்மில் எத்தனை பேர் பிரசவமாகி இருபதாம் நாளே வேலைக்குப் போனவர்கள்! அந்த ஒரு மாத ஓய்வு என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காமல் போன உரிமை.

ஆபத்து எங்கே வருகிறது? தண்ணீரைக் குறைக்கும்போது வருகிறது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம், தண்ணீர் நிறைய வேண்டும். காய், கீரை, பழத்தை நிறுத்தினால் ரத்தசோகை கூடும், மலச்சிக்கல் வரும். கோடையில் கதவு ஜன்னலை அடைத்துப் போர்த்திப் படுக்கவைத்தால் வெப்பத்தாக்கு வரும். சீனாவில் கோடைக்காலத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு இது வருவது அந்த நாட்டு டாக்டர்களுக்குத் தெரிந்த நோய்தான். கரி நெருப்பு என்றால் புகையும் தீக்காயமும். கர்ப்பக் காலத்திலேயே "நிறைய தின்னா பிள்ளை பெருத்துப் போகும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று சோற்றைக் குறைப்பதும் இதே வகைதான். பிறக்கிற பிள்ளை எடை குறைந்து, நோஞ்சானாகப் பிறக்கும்.

இன்னொன்று, சீம்பால். முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறப் பாலை "கெட்ட பால்" என்று பீச்சிக் கீழே விடுவது நம்ம ஊரிலும் உண்டு, பல ஆசிய நாடுகளிலும் உண்டு. அதற்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப் பால். உண்மையில் சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

"காலங்காலமா வந்த பழக்கம், நாம சொல்லியா மாறப்போகுது?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். கம்போடியாவைப் பாருங்க. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான். சூட்டு நாடு, பிள்ளைக்குத் தாகம் எடுக்குமென்று எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள். அதன் பிறகு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள், கிராமங்களில் தாய்மார்கள் கூடிப் பேசினார்கள். 2010ல் நூற்றுக்கு 74 ஆனது. பத்தே வருஷம்! ஆனால் 2014ல் 65 ஆக இறங்கிவிட்டது. பேசுவதை நிறுத்தினால், கடைப் பால்பவுடர் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

4. பிறந்த நேரம் பெண்ணுக்கு மட்டும் ஏன் கெட்ட நேரம்?

இதுதான் நாம் ரொம்ப யோசிக்க வேண்டிய பகுதி. மெதுவாக வாசிக்கவும்.

நம்ம பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம் சுற்றி வருவது மாதிரி, ஜப்பான், சீனா, கொரியாவிலும் 60 வருஷச் சுற்று இருக்கிறது. அதில் ஒன்று 'நெருப்புக் குதிரை' வருஷம். அந்த வருஷத்தில் பிறந்த பெண் அடங்காப்பிடாரி, புருஷனைச் சாகடிப்பாள் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை. 1683ல், காதலனைப் பார்ப்பதற்காக ஊருக்குத் தீ வைத்தாள் என்று காய்கறிக் கடைக்காரரின் மகள் ஒருத்தியை எரித்துக் கொன்றார்கள். அவள் பிறந்தது நெருப்புக் குதிரை வருஷம் என்று கதை கட்டப்பட்டது. கதை நாடகமானது, நாடகம் நம்பிக்கையானது. 1906ல் அந்த வருஷம் வந்தது. அப்போது பிறந்த பெண்கள் பலர் பிற்பாடு மாப்பிள்ளை கிடைக்காமல் அவதிப்பட்டார்கள்.

அடுத்தது 1966. அதற்குள் ஜப்பான் ரயிலும் தொழிற்சாலையுமாக முன்னேறிய நாடு, எல்லோரும் படித்தவர்கள். ஆனாலும் நடந்ததைப் பாருங்க.

1965ல் பிறந்த குழந்தைகள்: சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம்.
1966ல் பிறந்தவை: சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம்.
1967ல் பிறந்தவை: சுமார் 19 லட்சத்து 35 ஆயிரம்.

ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்து, அடுத்த வருஷமே ஏறிவிட்டது. "பொட்டப்பிள்ளை பிறந்துவிட்டால் என்ன செய்வது" என்று பயந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் கருவைக் கலைத்தார்கள்.

சரி, 1966ல் பிறந்த பெண்கள் புருஷனைக் கொன்றார்களா? ஜப்பான் ராஜ குடும்பத்திலேயே ஒரு மருமகள் இருக்கிறார். இளவரசி கிகோ. பிறந்தது 1966 செப்டம்பர் 11. 1990ல் கல்யாணம் ஆனது, மூன்று பிள்ளைகள். அவர் கணவர் அகிஷினோதான் இன்று அந்த நாட்டுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை வருஷம்தான்.

ஜப்பானில் பிறப்பு குறைந்தது. கொரியாவில் நடந்தது அதைவிடக் கொடுமை. 1990 அங்கே 'வெள்ளைக் குதிரை' வருஷம். அந்த வருஷத்தில் பிறக்கும் பெண்ணுக்கு ராசி சரியில்லை என்றார்கள். அதற்குள் ஸ்கேன் வந்துவிட்டது. இயற்கையாக 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். தென் கொரியாவில் 1990ல் 100 பெண்ணுக்கு 116 ஆணுக்கும் மேல். ஆண் பிள்ளை ஆசை அங்கே முன்பே இருந்ததுதான், ராசி அதற்குச் சாக்காகக் கிடைத்தது. கருவில் என்ன பிள்ளை என்று டாக்டர் சொல்லக் கூடாது என 1987லேயே சட்டம் போட்டும் நிற்கவில்லை. பெண்கள் நிறையப் படித்தார்கள், சம்பாதித்தார்கள். ஆண்தான் குடும்பத் தலைவன் என்ற சட்டமே 2008ல் ஒழிந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் கணக்கு இயற்கை நிலைக்குத் திரும்பியது.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். "பெண் மூலம் நிர்மூலம்." "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது." "கேட்டை மூத்தாருக்கு ஆகாது." "விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது." "பூராடம் நூலாடாது." இதில் ஏதாவது மாப்பிள்ளைக்குப் பார்க்கிறார்களா? ஆயில்யத்தில் பிறந்த மாப்பிள்ளையால் பெண்ணோட அம்மாவுக்கு ஆகாது என்று யாராவது சம்பந்தத்தை நிறுத்தியது உண்டா? "ஆண் மூலம் அரசாளும்" என்று அவனுக்குப் பட்டமே கட்டுகிறோம். அந்தப் பழமொழிகூட முதலில் 'ஆனி மூலம், பின் மூலம்' என்று இருந்து, வாய்மொழியில் ஆண், பெண் என்று மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய் தோஷம், நாக தோஷம் என்று பரிகாரச் செலவு வேறு. குழுவில் உள்கடன் வாங்கிப் பரிகாரம் செய்வதும் நடக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் கட்டுகிறோம். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 1,100. ஆக 11,100 ரூபாய். அதே பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கியிருக்கலாம். அவள் நேரத்தை அதுவே மாற்றியிருக்கும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். பிள்ளையே போனால்? சேலம், உசிலம்பட்டி பக்கம் பெண் சிசுக்கொலை நடந்ததும், 1992ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்ததும் நமக்குத் தெரியும். அதற்கு வரதட்சணையும் வறுமையும் பெரிய காரணங்கள். ஆனால் 'இந்தப் பிள்ளையால் குடும்பத்துக்கு ஆகாது' என்ற பேச்சு அதற்குத் துணை போகிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

5. வீட்டுக்குத் தூரம்

நேபாளத்தின் மேற்கு மலைப்பகுதியில் 'சௌபதி' என்ற வழக்கம். மாதவிலக்கு நாளில் பெண் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. மாட்டுக் கொட்டகையிலோ தனிக் குடிசையிலோ படுக்க வேண்டும். பால், தயிர் தொடக்கூடாது. மீறினால் சாமி குற்றம், பயிர் வாடும், மாடு சாகும் என்பார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2005லேயே இதைத் தடை செய்தது. 2017ல் வந்த சட்டப்படி, ஒரு பெண்ணை இப்படி வெளியே தள்ளினால் மூன்று மாதம் ஜெயில் அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம். ஆனாலும் 2019 ஜனவரியில், குளிருக்காகக் குடிசைக்குள் தீ மூட்டிப் படுத்த ஒரு தாயும் இரண்டு மகன்களும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாம்புக்கடி, குளிர் என்று போன உயிர்களும் உண்டு.

எங்கேயோ இமயமலையில் நடப்பதுதானே என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அந்த ராத்திரி தஞ்சாவூர் மாவட்டத்தில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்த ஒரு சிறுமி, மரம் விழுந்து செத்துப்போனாள். புயல் எச்சரிக்கை எல்லோருக்கும் தெரியும். தீட்டு புயலைவிடப் பெரிதாகிவிட்டது.

இதிலும் நல்லது ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த மூன்று நாள் வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வை வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளே, நல்ல பாயில், நல்ல சாப்பாட்டோடு அந்த ஓய்வைக் கொடுக்கலாமே. யார் தடுக்கிறார்கள்?

6. மூன்று கேள்வி

எந்த நம்பிக்கை வந்தாலும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்க.

முதல் கேள்வி: இதனால் யார் உடம்புக்கு, யார் கைப்பணத்துக்கு, யார் பேருக்கு நஷ்டம்?

இரண்டாவது: இதே விதி ஆம்பளைக்கும் உண்டா? இல்லையென்றால் ஏன்?

மூன்றாவது: இதற்குப் பின்னால் இருக்கிற பயம் என்ன? அந்தப் பயத்துக்கு இன்றைக்கு வேறு நல்ல வழி வந்திருக்கிறதா?

பதிலைப் பார்த்தால் நம்பிக்கைகள் தானாக மூன்று கூடையில் விழும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு, தனிச் சமையல், நோயாளிகளைக் கிட்ட விடாதது, வாசலில் வேப்பிலை.

இருந்தாலும் பரவாயில்லை என்பவை: திருஷ்டிப் பொட்டு, பூசணிக்காய், கிரகணக் கதை, ஊக்குக் குத்திக்கொள்வது. இதனால் யாருக்கும் பசி இல்லை, வலி இல்லை. பாட்டி மனசும் நோகாது.

விட்டே ஆக வேண்டியவை: கர்ப்பிணியைப் பட்டினி போடுவது, சீம்பாலைக் கொட்டுவது, தண்ணீரை மறுப்பது, வெளியே படுக்க வைப்பது, நட்சத்திரம் சொல்லிப் பெண்ணை ஒதுக்குவது.

7. யார் சொல்வது?

இன்னொன்றையும் மனசாட்சியோடு பேச வேண்டும். இந்த விதிகளை வீட்டில் காப்பாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். மாமியார், நாத்தனார், அம்மா, அண்டை வீட்டு அக்கா. அன்பில்தான் சொல்கிறோம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்ற பதைப்பில். நம்ம வாயால் வந்ததை நம்ம வாயால்தான் மாற்றவும் முடியும். இருபது வயது மருமகள் தனியாக நின்று "தண்ணி குடுங்க" என்று கேட்டால் வாயாடி என்று பேர் வரும். குழுவில் இருக்கிற மூத்த பெண், "நான் சொல்றேன், குடு" என்றால் வீடே கேட்கும்.

மாற்றும்போது சண்டை வேண்டாம். "உங்க காலத்துல ஆஸ்பத்திரி தூரம், அதனால பயந்தீங்க அத்தை. இப்ப நர்சம்மா வீட்டுக்கே வர்றாங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்று சொல்லிப் பாருங்க. பெரியவர்களின் பயத்தை மதித்தால் அவர்களும் நம்ம பேச்சை மதிப்பார்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஊக்குநர் ஒரு பெரிய தாளில் மூன்று கூடை வரையவும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் உள்ள ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். மூன்று கேள்வியும் கேட்டு, எந்தக் கூடை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யவும். ஒத்துவராததை நடுவில் வைத்து அடுத்த கூட்டத்தில் பேசவும்.

2. உறுப்பினர் வீடுகளில் இப்போது கர்ப்பிணி யார், பால் கொடுக்கும் தாய் யார் என்று பட்டியல் எடுக்கவும். ஒவ்வொருவருக்கும் குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் பொறுப்பு. சாப்பாடு, தண்ணீர், சத்து மாத்திரை, முதல் மணி நேரத் தாய்ப்பால் ஆகியவற்றை அவர் விசாரிக்க வேண்டும்.

3. அடுத்த கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைக்கவும். சந்தேகங்களை முன்கூட்டியே எழுதி வைக்கவும்.

4. "எங்கள் குழு உறுப்பினர் வீட்டில் எந்தப் பெண்ணையும் மாதவிலக்குக்காக வெளியே படுக்க வைக்க மாட்டோம். நட்சத்திரத்தைக் காட்டிப் பெண்ணை மறுக்க மாட்டோம்" என்று பேசி, எல்லோருக்கும் சம்மதமானால் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவும்.

உங்கள் குழுவில் எந்த நம்பிக்கை எந்தக் கூடையில் விழுந்தது என்று கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்க. நல்ல கடிதங்களை அடுத்த இதழில் போடுகிறோம். எழுதத் தெரியாத உறுப்பினர் சொல்லச் சொல்ல, மகளோ பேத்தியோ எழுதினால் இன்னும் நல்லது. அந்தப் பிள்ளைக்கும் இது ஒரு பாடம்தானே.